சிராவயல் பொட்டலில் நின்று பார்த்தால்: பேரவை தன் விதியைத் தளர்த்திய மூன்று நாள்கள்

2017 ஜனவரி 23, திங்கள்கிழமை மாலை. காரைக்குடி பெரியார் சிலைப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்று டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று காலையில்தான் ஆளுநர் உரையோடு சட்டமன்றக் கூட்டத்தொடர் தொடங்கியிருந்தது. அதே காலையில், ஜல்லிக்கட்டுத் தடையை நீக்கச் சொல்லி மெரினாவில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் காவல்துறை அப்புறப்படுத்தப் போய், சென்னையே கலவரமாகிவிட்டது. மாலை 5 மணிக்குப் பேரவை மறுபடியும் கூடியது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான திருத்தத்தை முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் கொண்டுவந்தார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாருக்கும் சம்மதம். அறிமுகம், ஆய்வு, நிறைவேற்றம் மூன்றும் அந்த ஒரே அமர்வில் முடிந்தன.

கடையில் கைத்தட்டல். நானும் தட்டினேன். என் பக்கத்தில் நின்ற பெரியவர் மட்டும் தட்டவில்லை. சிராவயல் பக்கத்துக்காரர், தலைமுறையாக மாடு வளர்க்கிற வீடு. எங்கள் பக்கத்து ஜல்லிக்கட்டான மஞ்சுவிரட்டு நின்றுபோன வருடங்களில் தன் காளையை விற்க மனமில்லாமல், வைக்கோலுக்குக் கடன் வாங்கித் தீனி போட்டவர். அவர் என்னிடம் கேட்டார்: "இத்தனை வருசமா இழுத்தது ஒரு சாயங்காலத்துல முடியும்னா, இம்புட்டு நாளும் எதுக்கப்பு இழுத்தாங்க?"

"சட்டம்னா அதுக்கு முறை இருக்குல்லங்கய்யா" என்றேன்.

"அந்த முறை இன்னைக்கு எங்க போச்சு?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் பல வருடம் அதைப் பிடித்துக்கொண்டு படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மஞ்சுவிரட்டில் தொடங்கினாலும் விஷயம் அதோடு நிற்கவில்லை.

முறை என்பது எங்கே எழுதியிருக்கிறது

ஒரு மாநிலச் சட்டமன்றம் எப்படி நடக்க வேண்டும் என்பதை இரண்டு இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்று அரசமைப்புச் சட்டம். மற்றொன்று அந்த அவை தனக்குத் தானே எழுதிக்கொண்ட பேரவை விதிகள். இப்படி எழுதிக்கொள்ளும் உரிமையை அரசமைப்பின் 208ஆம் பிரிவு தருகிறது. தானே எழுதியதைத் தானே தளர்த்தவும் அவையால் முடியும். தளர்த்துவதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: இன்ன விதியை இன்ன காரியத்துக்காகத் தளர்த்தலாம் என்று ஒரு உறுப்பினர் தீர்மானம் கொண்டுவர வேண்டும், அவை அதை ஏற்க வேண்டும். மக்களவையில் இது 388ஆம் விதி. மாநிலங்களவையில் 267ஆம் விதி. "267இன் கீழ் நோட்டீஸ்" என்று நாளிதழில் அடிக்கடி வருகிறதே, அதுதான்.

ஒரு சட்டமுன்வடிவு வந்தால் பிரதி முதலில் உறுப்பினர் கைக்குப் போக வேண்டும். அவர் அதைப் படிக்க, தொகுதியில் நாலு பேரிடம் கேட்க, திருத்தம் எழுதிக் கொடுக்க ஒரு இடைவெளி வேண்டும். மக்களவை விதிகளில் இந்த இடைவெளி 2 நாள். அந்த 2 நாள் கிடைக்கவில்லை என்றால் எந்த ஒரு உறுப்பினரும் எழுந்து ஆட்சேபிக்கலாம். தலைவர் அனுமதித்தாலொழிய, அந்த ஒருவருடைய ஆட்சேபமே செல்லும். 500 பேருக்கு மேல் இருக்கிற அவையில் தனி ஆளுக்கு இவ்வளவு பலம் தருகிற விதிகள் அதிகம் இல்லை. இப்படி ஒரு விதியைத் தளர்த்தும்போது கை நழுவிப் போவது அந்தத் தனி ஆளின் அவகாசம்தான். அவருக்குப் பின்னால் நிற்கிற தொகுதியின் அவகாசமும் கூடவே போகிறது.

முதல் நாள்: 2017 ஜனவரி 23

இழுத்தது ஏன் என்ற கேள்விக்கு முதலில் சுருக்கமாகப் பதில். 2006இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. 2009இல் தமிழ்நாடு அரசு ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் போட்டது. 2011 ஜூலையில் ஒன்றிய அரசு, காட்சிப்படுத்தவோ பழக்கவோ கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்ததோடு, 2009 சட்டம் ஒன்றியச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று அதையும் செல்லாததாக்கியது. 2016 ஜனவரியில் ஜல்லிக்கட்டை அனுமதித்து ஒன்றிய அரசு கொண்டுவந்த ஒரு அறிவிக்கைக்கும் சில நாளிலேயே இடைக்காலத் தடை வந்தது. ஆக, 2017இல் மிச்சம் இருந்த வழி ஒன்றுதான்: ஒன்றியமும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ள விஷயத்தில் மாநிலம் தனியாகச் சட்டம் இயற்றி, 254ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதலைப் பெறுவது.

சரி, ஒரே மாலையில் ஏன்? இந்தக் கேள்வியைத்தான் நான் அதிக நாள் தோண்டினேன். பேரவை கூடுவதற்கு இரண்டு நாள் முன்னால், ஜனவரி 21 அன்றே, அவை கூடாத நேரத்தில் ஆளுநர் பிறப்பிக்கிற அவசரச் சட்டம் வந்துவிட்டது. 213ஆம் பிரிவின்படி, அவை மீண்டும் கூடிய நாளிலிருந்து 6 வாரம் அவசரச் சட்டத்துக்கு உயிர் உண்டு. ஜனவரி 23 முதல் எண்ணினால் மார்ச் 6 வரை வருகிறது. ஒரு வாரம் விட்டு எடுத்திருந்தாலும் சட்டத்தில் எந்த ஓட்டையும் விழுந்திருக்காது. மாடும் ஓடியிருக்கும், உறுப்பினர்களும் படித்திருப்பார்கள்.

ஆனால் அப்போது தெருவில் யாரும் அவசரச் சட்டத்தை நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. முந்தின வருடத் தடை எல்லார் மனதிலும் இருந்தது. 22ஆம் தேதி அலங்காநல்லூரில் வாடிவாசலைத் திறந்துவைக்கப் போன முதலமைச்சரை, நிரந்தரச் சட்டம் கொண்டுவாருங்கள் என்று ஊர்க்காரர்களே திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் மெரினாவில் தடியடி. அன்று மாலை அவையில் இருந்த யாராவது எழுந்து "பிரதி இப்போதுதான் கைக்கு வந்தது, படிக்க ஒரு நாள் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் ஊருக்குள் கால் வைத்திருக்க முடியுமா? முடியாது. அந்த அவசரத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த டீக்கடையில் நின்றவர்களில் நானும் ஒருவன், அந்தச் சட்டம் எனக்கும் வேண்டும்.

வேண்டும் என்பதால்தான் அதன் வாசகத்தை எழுத்தெழுத்தாகப் படித்தேன். "ஜல்லிக்கட்டு" என்றால் என்ன என்று அதில் சொல்லியிருக்கிறது: மரபையும் பண்பாட்டையும் பின்பற்றி, ஜனவரி முதல் மே வரை அரசு அறிவிக்கிற நாளில், அறிவிக்கிற இடத்தில் காளைகளைக் கொண்டு நடத்தும் நிகழ்வு. மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா மூன்றும் அதில் அடங்கும் என்று ஒரு சொற்றொடர் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து விழா சட்டத்துக்குள் நிற்பது அந்த ஒரு சொல்லால்தான்.

இப்போது சிராவயலுக்கு வாருங்கள். ஊரில் சாமி கும்பிட்டு, ஜவுளித் தட்டோடு ஊர்வலமாகத் தொழுவுக்கு வருவார்கள். தொழுவில் நிற்கிற மாடுகளுக்கு வேட்டியும் துண்டும் கட்டி மரியாதை செய்த பிறகுதான் அவிழ்ப்பது. ஆனால் தொழு மட்டும் மஞ்சுவிரட்டு ஆகாது. சுற்றிலும் பொட்டலிலும் வயலிலும் கண்மாய் உள்வாயிலும் கட்டுமாடுகள் நிற்கும். எந்த மாட்டை எப்போது யார் அவிழ்ப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. பார்க்க வந்தவனுக்கும் மாட்டுக்கும் நடுவே ஒரு கம்புகூட இருக்காது. மாடுபிடி வீரரைவிட வேடிக்கை பார்க்க நின்றவர்தான் இங்கே அதிகம் குத்துப்படுகிறார். சிராவயலில் உயிரும் போயிருக்கிறது. சட்டத்தின் கீழ் வந்த விதிகளோ வாடிவாசல், இரட்டைத் தடுப்பு வேலி, மாடு போய்ச் சேருகிற இடம் என்று மதுரைப் பக்கத்து அமைப்பை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. திறந்த பொட்டலில் ஓடுகிற மாட்டுக்கு அவை சரியாகப் பொருந்தவில்லை.

இன்னொன்று, அந்த "மே" என்ற சொல். தமிழ் மாதக் கணக்கில் வைகாசி, மே நடுவில் தொடங்கி ஜூன் நடுவரை போகும். வைகாசித் திருவிழாவையொட்டி மாடு அவிழ்க்கிற ஊர், திருவிழா ஜூன் முதல் வாரத்தில் வந்துவிட்டால் என்ன செய்யும்? திருப்பத்தூரையோ சிங்கம்புணரியையோ தெரிந்த ஒரு உறுப்பினருக்கு அந்த வரைவு இரண்டு நாள் கையில் இருந்திருந்தால், ஊருக்குப் போன் போட்டு இதைக் கேட்டிருப்பார். "மே" என்பதை "வைகாசி முடிய" என்று மாற்ற ஒரு வரித் திருத்தம் போதும். அதற்கு யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

ஜனவரி 31 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் எண் 1 அதுதான். வழக்கு மறுபடியும் உச்ச நீதிமன்றம் போய், 2023 மே 18 அன்று 5 நீதிபதிகள் அமர்வு சட்டம் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. ஜல்லிக்கட்டு தமிழ்ப் பண்பாட்டின் பகுதியா என்பதை ஆராயும் வேலையைச் சட்டமன்றம் ஏற்கெனவே செய்திருக்கிறது, சட்டமன்றம் எடுத்த முடிவில் நாங்கள் குறுக்கிட மாட்டோம் என்ற பொருளில் நீதிமன்றம் எழுதியது. சட்டமன்றம் செய்தது என்று நீதிமன்றம் நம்பி ஏற்றுக்கொண்ட அந்த ஆராய்ச்சிக்குப் பேரவையில் கிடைத்த நேரம் ஒரு மாலை. தீர்ப்பு நமக்குச் சாதகம், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நாளைக்கு இன்னொரு சட்டத்துக்கும், நமக்குப் பிடிக்காத ஒன்றுக்கும், இதே நம்பிக்கையை நீதிமன்றம் வைக்கும். அப்போது அவைக்குறிப்பைப் புரட்டினால் அதில் என்ன இருக்கும்?

ஐயாவின் பேரேடு

இங்கே எங்கள் வீட்டுக் கதை ஒன்று. என் ஐயா எங்கள் ஊர் நகரத்தார் கூடிப் பேசுகிற நகரக் கூட்டத்துக்குப் பல வருடம் கணக்கும் தீர்மானப் புத்தகமும் எழுதியவர். அவர் காலமான பிறகு பெட்டகச்சாலையில் இருந்த பழைய பேரேடுகளை வெயிலில் காயவைக்கும்போது ஒன்று பிரிந்து கிடந்தது. அதில் ஒரு பக்கம்.

எங்கள் ஊரில் நகரக் கூட்டம் போட 21 நாள் முன்னால் கடுதாசி போட வேண்டும். பாதிப் புள்ளிகள் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) சென்னையிலும் மலேயாவிலும் இருந்த காலத்தில் வைத்த முறை. ஒரு ஐப்பசி அடைமழையில் சிவன் கோவில் கோபுரத்தில் விரிசல் விட்டிருக்கிறது. 21 நாள் காத்திருக்க முடியாது. மூன்றாம் நாளே கூட்டம் போட்டிருக்கிறார்கள். ஐயா பச்சை மையில் எழுதியிருந்தது இது:

"முறைப்படியான 21 நாள் அறிவிப்பு இக்கூட்டத்துக்கு இல்லை. கோபுர வேலை ஒன்றுக்கு மட்டும் முறையைத் தளர்த்தலாமா என்று முதலில் கேட்கப்பட்டது. வந்திருந்த 63 புள்ளிகளில் 58 சம்மதம், 5 சம்மதமில்லை. சம்மதமில்லாதவர்கள் சொன்ன காரணம் கீழே. வராதவர்களுக்கு இன்றே தபால்."

கீழே அந்த ஐந்து பேர் சொன்னதும் இருக்கிறது. ஒருவர், கோபுர வேலையோடு சேர்த்து மண்டபத்துக்கும் கல் இறக்கிவிடக் கூடாது என்று எழுதச் சொல்லியிருக்கிறார். அதையும் அப்படியே எழுதி, அவர் கையெழுத்தை வாங்கியிருக்கிறார் ஐயா.

ஐயா பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை. ஆனாலும் முறையைத் தளர்த்துவதைத் தனித் தீர்மானமாக முதலில் வைத்திருக்கிறார். அப்புறம்தான் காரியத்துக்கு வந்திருக்கிறார். எந்த முறை, எதற்காக, எதுவரைக்கும் என்று சொல்லியிருக்கிறார், தலையை எண்ணியிருக்கிறார், மறுத்தவர்களின் வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறார். பேரவை விதிகளைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்த அன்று, அவர் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டது போல இருந்தது எனக்கு.

இரண்டாம் நாள்: 2023 ஏப்ரல் 10

இதுவும் திங்கள்கிழமை. சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பியவை ஆளுநர் மாளிகையில் தேங்கிக் கிடந்த நேரம். நான்கு நாள் முன்னால் ஆளுநர் ஆர்.என். ரவி குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிற மாணவர்களிடம் பேசும்போது, ஒப்புதலை நிறுத்திவைத்தால் அந்தச் சட்டமுன்வடிவு செத்துப்போனதாகவே பொருள் என்றார். ஒப்புதலுக்குக் காலக்கெடு வைக்க வேண்டும் என்று ஒன்றிய அரசையும் குடியரசுத் தலைவரையும் கேட்கும் தீர்மானத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொண்டுவர இருந்தார்.

அதற்கு ஒரு விதி குறுக்கே நின்றது. ஆளுநரின் நடத்தையைப் பற்றி அவையில் பேசக் கூடாது என்கிறது 92ஆம் விதியின் 7ஆம் உட்பிரிவு. தீர்மானத்தின் பொருளே ஆளுநரின் நடத்தைதான் என்பதால், விதியைத் தாண்டாமல் வாயைத் திறக்க முடியாது. எனவே அவை முன்னவர் துரைமுருகன் முதலில் எழுந்து, இன்ன விதியில் இன்ன பகுதியைத் தளர்த்த வேண்டும் என்று தனித் தீர்மானம் வைத்தார். பேரவைத் தலைவர் மு. அப்பாவு "ஆம் என்போர், இல்லை என்போர்" என்று குரலைக் கேட்டு முடித்துவிடவில்லை. அவையின் கதவுகளை மூடச் சொல்லி, உறுப்பினர்களை எண்ணினார்கள். ஆதரவு 144. எதிர்ப்பு 2, இரண்டும் பாரதிய ஜனதா. அதற்குப் பிறகுதான் முதலமைச்சரின் தீர்மானம்.

அன்றே இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமுன்வடிவுக்கு ஆளுநர் ஒப்புதல் தந்த செய்தியும் வந்தது என்பது தனிக்கதை. எனக்கு அன்று முக்கியமாகப் பட்டது அந்த மூடிய கதவு. தீர்மானத்தை ஆதரிக்கிறவரும் எதிர்க்கிறவரும் ஒன்றை மறுக்க முடியாது: எந்த விதி, யார் கேட்டார், எத்தனை பேர் ஒப்பினார் என்று எல்லாமே பதிவில் இருக்கிறது. அந்த இரண்டு பேரின் மறுப்பும் இருக்கிறது.

மூன்று மாதம் முன்னால், ஜனவரி 9 அன்று, இதே அவை நின்ற நிலையில் ஒரு விதியைத் தளர்த்தியிருந்தது. அச்சிட்ட உரையில் சில பகுதிகளை ஆளுநர் விட்டுவிட்டுப் படித்தார். பெரியார், அம்பேத்கர், காமராசர், அண்ணா, கலைஞர் பெயர்கள் இருந்த இடம் அதில் ஒன்று. உடனே முதலமைச்சர் 17ஆம் விதியைத் தளர்த்தி, அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அது ஏற்கப்படும்போது ஆளுநர் அவையை விட்டு வெளியேறினார். முன்னறிவிப்புக்கு அங்கே இடமே இல்லை. ஆனாலும் விதியின் எண்ணைச் சொல்லித்தான் தளர்த்தினார்கள்.

எதையும் தளர்த்தலாமா என்றால், இல்லை. ஆளுநரைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவையின் சொந்த விதி, அதைத் தளர்த்தலாம். உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் தங்கள் கடமையில் நடந்துகொண்டதைப் பேசக் கூடாது என்பது அரசமைப்பின் 211ஆம் பிரிவு. 234 பேரும் சேர்ந்து கை தூக்கினாலும் அதைத் தொட முடியாது. அவையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு ஆள் இருக்க வேண்டும், நிதி சார்ந்த சில சட்டமுன்வடிவுகளுக்கு ஆளுநரின் பரிந்துரை வேண்டும், இவையெல்லாம் அந்த வகை. ஐயாவின் கணக்கில் சொன்னால், 21 நாள் அறிவிப்பைக் கூட்டம் தளர்த்தலாம், கோவில் சொத்தின் மூலப் பத்திரத்தைக் கூட்டம் திருத்த முடியாது.

மூன்றாம் நாள்: 2023 ஏப்ரல் 21

மேலே சொன்ன எண்ணிக்கை நடந்து 11 நாள். அதே அவை, அதே தலைவர், அதே ஆட்கள். கூட்டத்தொடரின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை.

அன்று நிறைவேறியவற்றில் ஊர் முழுக்கப் பேசப்பட்டது 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்தம். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றாம் நாள் அதை நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நிறைவேற்றிய பிறகு 10 நாளில் வந்த அந்த யோசனை, நிறைவேற்றுவதற்கு முன்னால் வந்திருக்கலாம்.

அந்தச் சத்தத்தில் இன்னொன்று பலர் கண்ணில் படாமல் போனது. சிறப்புத் திட்டங்களுக்கான தமிழ்நாடு நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவு. 100 ஹெக்டேருக்குக் குறையாத ஒரு திட்டத்தின் எல்லைக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் போன்ற நீர்நிலைகள் வந்தால் அந்த நிலத்தை எப்படித் திட்டத்தோடு சேர்த்துக் கொடுப்பது என்பதற்கான சட்டம். நீரோட்டம் குறையக் கூடாது, வல்லுநர் குழு பார்க்க வேண்டும் என்று பாதுகாப்பும் சொல்லியிருக்கிறார்கள். ஆகஸ்டில் ஒப்புதலும் கிடைத்தது. விவாதமே இல்லாமல் நிறைவேற்றிவிட்டார்கள் என்பதுதான் விவசாயிகளும் சூழல் அமைப்புகளும் முதலில் சொன்ன குறை.

எனக்கு இது ஏன் வலித்தது என்று செட்டிநாட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தவருக்குப் புரியும். இது ஆறு பாயாத வறண்ட பூமி. மழையை நிறுத்திவைத்துப் பிழைத்த ஊர்கள். ஓட்டில் விழுகிற தண்ணீர் முற்றத்தில் இறங்கும், தெருவில் விழுவது வரத்துக்கால் வழியாக ஊருணிக்குப் போகும், ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். ஒரு வரத்துக்காலை நாலு முழம் தள்ளி வெட்டினால் மூன்று ஊர் தள்ளி ஒரு ஊருணி காய்ந்துவிடும். எந்தக் கால் எங்கே போகிறது என்பது எங்கள் ஊரில் நீர் பாய்ச்சுகிறவருக்குத் தெரியும், சென்னையில் இருக்கிற வரைபடத்துக்குத் தெரியாது. "நீரோட்டம் குறையக் கூடாது" என்று எழுதினால் அதை எந்த மாதத்தில் அளப்பீர்கள் என்று அவர் கேட்பார். ஐப்பசியில் அளந்தால் ஒரு கணக்கு, பங்குனியில் அளந்தால் ஒரு கணக்கு. அந்தக் கேள்வி ஒரு உறுப்பினரின் வாய் வழியாகப் பேரவைக்குப் போவதற்கு வேண்டியதுதான் அந்த இடைவெளி.

ஏப்ரல் 10 அன்று ஆளுநரைப் பற்றிப் பேசக் கதவை மூடி எண்ணிய அவை, கண்மாயைப் பற்றிய சட்டத்தைக் கடைசி நாள் வேகத்தில் அனுப்பிவைத்தது. சத்தம் போட்டுத் தளர்த்திய விதியைப் பற்றித் தலையங்கம் வந்தது, டிவியில் வாதாடினார்கள். சத்தமில்லாமல் சுருங்கிப்போன அவகாசத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கே இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. என் கவலை முழுக்க இந்த இரண்டாவது வகை மீதுதான்.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளாதா

பார்க்காது. நடைமுறையில் ஒழுங்கு தவறியது என்ற காரணத்துக்காக அவையின் நடவடிக்கையை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்கிறது அரசமைப்பின் 212ஆம் பிரிவு. நடைமுறைப் பிசகு வேறு, சட்டவிரோதம் அல்லது அரசமைப்பு மீறல் வேறு, இரண்டாவதை நாங்கள் பார்க்கலாம் என்று 1964இல் உத்தரப் பிரதேசத்துக் கேசவ் சிங் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் கோடு போட்டது. முன்வடிவின் பிரதி நேரத்துக்குக் கைக்கு வரவில்லை என்பது அந்தக் கோட்டில் நடைமுறைப் பிசகு என்ற பக்கம்தான் நிற்கும்.

2021 பிப்ரவரி 26ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியர்களுக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டமுன்வடிவு அன்று நிறைவேறியது. சில மணி நேரத்தில் தேர்தல் தேதி அறிவிப்பு. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று மதுரைக் கிளை அதை ரத்து செய்தது, 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தனியாகப் பிரித்துக் கொடுக்கப் போதுமான தரவு இல்லை என்பதே முக்கியக் காரணம். கடைசி நாளில் அவசரமாக நிறைவேற்றியதற்காகச் சட்டம் விழவில்லை. ஆனால் தரவு எங்கே என்று அவையிலேயே பொறுமையாகக் கேட்டிருந்தால், அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் ஒரு வருடம் நம்பிக் காத்திருந்து ஏமாந்திருக்க வேண்டாம்.

வெளியே எப்படி என்று பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை பார்க்கிற அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஒரு சட்டமுன்வடிவை மூன்று வெவ்வேறு நாளில் வாசிக்க வேண்டும் என்பது அந்த மாநில அரசமைப்பிலேயே இருக்கிறது. அதைத் தளர்த்த அவையில் ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும். கலிஃபோர்னியாவில் 2016இல் மக்களே வாக்களித்து ஒரு விதி வைத்தார்கள்: இறுதி வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்னால் சட்டமுன்வடிவு இணையத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். அங்கேயும் அவசரமாகச் சட்டங்கள் வரத்தான் செய்கின்றன. ஆனால் டெக்சாஸில் அவசரத்துக்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மறுத்தால் அவசரம் நின்றுவிடும்.

நம் பேரவைக்கு இதில் எது வேண்டும் என்று கேட்டால், அரசமைப்பைத் திருத்தச் சொல்ல மாட்டேன். ஏப்ரல் 10 அன்று செய்ததையே ஒவ்வொரு முறையும் செய்தால் போதும். ஒரு சட்டமுன்வடிவை வந்த அன்றே எடுக்க வேண்டுமா, எடுங்கள். அதற்கு முன்னால் விதியின் எண்ணைச் சொல்லித் தனித் தீர்மானம் வையுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், தலையை எண்ணுங்கள், மறுப்பவர் சொல்வதை எழுதுங்கள்.

இந்தத் தை மாதம் சிராவயலுக்குப் போனபோது அந்தப் பெரியவர் வீட்டுக்கும் போனேன். கடன் வாங்கித் தீனி போட்ட அந்தக் காளை இப்போது இல்லை, அதன் கன்று திண்ணைக்கு எதிரே கொட்டகையில் நிற்கிறது. "மே" என்ற சொல்லை அவரிடம் சொன்னேன். "வைகாசிய எவன் கேட்டான்?" என்றார். யாரும் கேட்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாம கேட்கலாமா?" என்றார்.

பேரவைக்கு மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. அவர் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதினோம். மஞ்சுவிரட்டுக்கான காலத்தை வைகாசி முடிய நீட்ட வேண்டும் என்பது ஒன்று. கண்மாய், ஊருணி தொடர்பான சட்டத்துக்கு முன்னறிவிப்பு விதியைத் தளர்த்தினால் எண்ணிக்கை எடுத்துப் பதிய வேண்டும் என்பது இன்னொன்று. ஒன்றரைப் பக்கம் வந்தது. படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், கையெழுத்துக்குப் பேனாவை நீட்டியபோது வாங்கவில்லை.

"இருக்கட்டும்ப்பு. தாளை இங்கயே வச்சிட்டுப் போ. ராத்திரி மயன் வருவான், நீர் பாய்ச்சுறவரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்றேன். ஏதாச்சும் விட்டுப்போயிருந்தா சொல்லுவாக. நாளன்னைக்கு வா, போட்டுத் தர்றேன்."